கொட்டிலில் பிறந்த வைத்தியசாலை: தாதி அக்னஸ் ஹன்ட்டின் வாழ்வு

மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட தம்பியையோ, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு என்பு முறிந்த உம்மம்மாவையோ வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். சத்திரசிகிச்சை நிபுணர் தன் வேலையை ஓரிரு மணித்தியாலங்களில் முடித்துவிடுகிறார். ஆனால் என்பு பொருந்துவதற்கு வாரங்கள் செல்லும். மெலிந்துபோன தசை பழைய பலம் பெற மாதங்கள் செல்லும். மீண்டும் பயமின்றி அடி எடுத்து வைப்பதற்குச் சில வேளை ஆண்டுகளும் செல்லும். அந்த நீண்ட காலம் முழுவதும் நோயாளியின் அருகில் நிற்பவர் யார்? அவரது விரல்களின் நிறத்தைப் பார்ப்பவர், முதுகுத் தோல் புண்ணாகாமல் காப்பவர், மனம் சோர்ந்துவிடாமல் தாங்குபவர் யார்?

தாதி.

என்பு, மூட்டு, தசை நோயாளரைப் பராமரிப்பது ஒரு தனிக் கலை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று உலகத்திற்குக் காட்டியவர்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர் அக்னஸ் ஹன்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரை அறியாத மாணவி இல்லை. அக்னஸ் ஹன்ட்டின் பெயர் தாதியர் உலகிலும் இங்கிலாந்திலும் புகழ்பெற்றிருந்தாலும் நமது பாடப்புத்தகங்களை எட்டவில்லை. அவரது வாழ்வில் ஒரு விசேஷம் உண்டு. அவர் பராமரித்த நோயை அவரே வாழ்நாள் முழுவதும் தன் உடலில் சுமந்தார்.

குதிக்காலில் ஒரு கொப்புளம்

அக்னஸ் 1866ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி லண்டனில் பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில். பாஸ்சேர்ச் என்னும் கிராமத்துக்கு அருகில் அவர்களுக்குப் பெரிய வீடும் நிலமும் இருந்தன. பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் அவர் ஆறாவது.

பத்து வயதளவில் அவரது குதிக்காலில் ஒரு சிறு கொப்புளம் வந்தது. இன்று அதைக் கழுவி மருந்திட்டு மறந்துவிடுவோம். அன்று அது அவரது வாழ்க்கையையே மாற்றியது. கொப்புளத்தின் வழியே புகுந்த கிருமி இரத்தத்தில் கலந்தது. இடுப்பு மூட்டை அடைந்து என்பைத் தாக்கியது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர் இவ்வாறான தொற்றுக்கு மருந்தே இல்லை. சீழ் வடிய வேண்டும், காய்ச்சல் தணிய வேண்டும், குழந்தையின் உடல் தானாகவே வெல்ல வேண்டும். அக்னஸ் உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்பு மூட்டு பழுதடைந்துவிட்டது. அன்று தொடங்கிய வலியும் நொண்டலும் எண்பத்தோராவது வயதில் அவர் மறையும் வரை கூடவே இருந்தன.

அந்தப் பெரிய குடும்பத்தில் நோயாளிப் பிள்ளை என்று அவருக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. பரிதாபப்பட்டு மடியில் வைத்திருக்கவும் ஒருவரும் இல்லை. மற்றப் பிள்ளைகள் செய்ததை அவரும் தன்னால் இயன்றவாறு செய்யப் பழகினார். பிற்காலத்தில் அந்தக் கடுமையை அவர் குறையாகச் சொல்லவில்லை. தன் தொழிலுக்கான பயிற்சிக்காலம் அந்தப் படுக்கையில்தான் தொடங்கியது என்றே கருதினார். நோயாளியை நேசிப்பது வேறு, நோயாளியைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருப்பது வேறு என்பதைச் சிறுவயதிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

1878இல் தந்தை காலமானார். தாய் துணிச்சல் மிக்கவர். அங்கோரா ஆடு வளர்க்கும் எண்ணத்துடன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். எண்ணம் பலிக்கவில்லை. ஆனால் வேலைக்காரர் சூழ வளர்ந்த பிள்ளைகள் அங்கே தம் கையால் உழைக்கக் கற்றுக்கொண்டனர். அக்னஸ் தஸ்மேனியாவிலும் சில காலம் வாழ்ந்தார். 1887இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது அவருக்கு இருபது வயது. தாதியாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

நொண்டும் பெண்ணுக்குத் தாதிச் சேவையா?

தாதி என்றால் நாள் முழுவதும் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், தூக்க வேண்டும். நொண்டி நடக்கும் பெண்ணால் இது எப்படி முடியும் என்றே வைத்தியசாலைகள் கேட்டன. ஒன்றன்பின் ஒன்றாக அவரது விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. இறுதியில் வேல்ஸ் கடற்கரையில் உள்ள றில் என்னும் ஊரில் சிறுவர் வைத்தியசாலை ஒன்று அவரைப் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டது. கடற்காற்றில் பிள்ளைகளைக் கிடத்திப் பராமரிக்கும் வழக்கத்தை அவர் அங்கேதான் கண்டார்.

பின்னர் லண்டன் ஹமர்ஸ்மித்தில் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று ஏழைகளைப் பராமரிக்கும் மாவட்டத் தாதியானார். அந்த ஆண்டுகள் அவருக்குப் பெரிய பாடம். வைத்தியசாலைக் கட்டிலில் பார்க்கும் நோயாளி வேறு; ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில், ஈரச் சுவரின் ஓரம் கிடக்கும் அதே நோயாளி வேறு. நோயை மட்டும் பார்த்தால் போதாது, அது வாழும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதை அவர் தெரிந்துகொண்டார்.

அந்த வீடுகளில் கால் முடங்கிய பிள்ளைகளும் இருந்தார்கள். அக்காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். காரணங்கள் மூன்று. முதலாவது, என்பிலும் மூட்டிலும் பரவும் காசநோய். நோயுற்ற பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதால் அது பல பிள்ளைகளுக்குத் தொற்றியது. இரண்டாவது, புகை மூடிய நகரங்களில் வெயிலும் நல்ல உணவும் இன்மையால் என்பு மென்மையாகி வளையும் றிக்கற்ஸ் நோய். மூன்றாவது, இளம்பிள்ளைவாதம். இத்தகைய பிள்ளைகளைப் பெரிய வைத்தியசாலைகள் விரும்பவில்லை. மாதக் கணக்கில் கட்டிலைப் பிடித்துக்கொள்வார்கள். சுகமாகவும் மாட்டார்கள் என்பது அன்றைய எண்ணம். வெளியாருக்குத் தெரியாமல் பின்னறையில் கிடந்தே வளர்ந்த பிள்ளைகள் பலர்.

மாடிப்படி தந்த வழி

1900ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அக்னஸ் தன் சொந்தக் கிராமமான பாஸ்சேர்ச்சில் புளோரன்ஸ் இல்லம் என்ற பெயரில் ஒரு சிறிய ஆறுதல் இல்லத்தைத் தொடங்கினார். அவருடன் தோள்கொடுத்து நின்றவர் தோழியும் சக தாதியுமான எமிலி குட்போர்ட். பணம் அதிகம் இல்லை. வீடோ நோயாளருக்கென்று கட்டப்பட்டதல்ல.

வந்த உடனேயே ஒரு சிக்கல். படுக்கை அறைகள் மேல்மாடியில். மாடிப்படியோ, கால் ஊன்ற முடியாத பிள்ளைகளுக்குப் பெரும் தடை. தூக்கிச் செல்வதற்கு ஆட்கள் இல்லை. தலைவியின் இடுப்பே பழுது. ஆகவே பிள்ளைகளைக் கீழேயே வைப்பது என்று முடிவாயிற்று. வீட்டின் பின்புறம் இருந்த முற்றத்திலும் தோட்டத்திலும் கொட்டில்கள் எழுந்தன. கூரை உண்டு, ஒரு பக்கம் திறந்தபடி இருக்கும். மழையிலும் பனியிலும் பிள்ளைகள் அங்கேயே, கம்பளி போர்த்தியபடி கிடந்தார்கள்.

ஊரார் அதிசயித்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் தேறினார்கள். முகத்தில் நிறம் வந்தது, பசி எடுத்தது, உறக்கம் வந்தது. நெரிசலான, காற்றில்லாத அறைகளை விட்டு வெயிலும் சுத்தமான காற்றும் நல்ல உணவும் கிடைத்தபோது, அக்காலத்தில் மருந்தே இல்லாத காசநோயை அவர்களின் உடல் தானே எதிர்க்கத் தொடங்கியது. வெயிலின் உதவியால் தோலில் உருவாகும் விற்றமின் டி என்பை உறுதியாக்குகிறது என்பதை விஞ்ஞானம் பின்னரே விளக்கியது. அக்னஸ் அதைக் கண்ணால் கண்டுவிட்டார்.

பார்க்கத் தெரிந்த கண்கள்

காற்றும் வெயிலும் உடலைத் தேற்றும். கோணிய காலை நிமிர்த்தமாட்டா. அதற்கு ஒரு நிபுணர் வேண்டும். அவரை அக்னஸ் தன் வலியின் மூலமே கண்டடைந்தார். இடுப்பு வலி தாங்க முடியாத நிலையில், 1903ஆம் ஆண்டளவில் அவர் லிவர்பூல் நகரில் றொபேட் ஜோன்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சிகிச்சைக்குச் சென்றார். மான்செஸ்டர் கப்பற்கால்வாய் வெட்டப்பட்டபோது, விபத்தில் சிக்கிய தொழிலாளருக்காக அதன் நீளம் முழுவதும் சிகிச்சை நிலையங்களை ஒழுங்குசெய்து பேர்பெற்றவர் அவர். அவரது மாமா ஹியூ ஓவன் தோமஸ், முறிந்த காலை அசையாமல் நீட்டி வைக்கும் இரும்புச் சட்டத்தை உருவாக்கியவர். நோயுற்ற மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட, முழுமையான ஓய்வு வேண்டும் என்பது தோமஸின் கொள்கை.

நோயாளியாகச் சென்ற அக்னஸ், சிகிச்சை முடிந்ததும் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பின்னர் அவர்களையே கொண்டு வரத் தொடங்கினார். இரும்புச் சட்டங்களோடு கிடக்கும் பிள்ளைகளை நீளமான தள்ளுவண்டிகளில் கிடத்தி, புகையிரதத்தின் பொதிப் பெட்டியில் ஏற்றி, லிவர்பூலுக்குக் கொண்டு சென்று மீண்டும் அழைத்து வருவார். நொண்டி நடக்கும் ஒரு பெண், நடக்கவே முடியாத ஒரு கூட்டம் பிள்ளைகள்! இந்தப் பயணங்களின் சிரமத்தைக் கண்ட ஜோன்ஸ், தானே பாஸ்சேர்ச்சுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். 1904 முதல் அவர் அந்த இல்லத்தின் கௌரவ சத்திரசிகிச்சை நிபுணர். 1907இல் அங்கே சத்திரசிகிச்சைக்கூடமும் அமைந்தது. ஒரு நாட்டுப்புறத் தோட்டத்தின் கொட்டில்களுக்கு நடுவில் ஒரு முழுமையான என்பு வைத்தியசாலை உருவாயிற்று.

ஆனால் ஜோன்ஸ் வந்து போவது எப்போதாவதுதான். அவர் இல்லாத நாட்களில் நோயாளியின் நிலையை அறிந்து சொல்வது தாதியின் கண்ணும் கையுமே. எக்ஸ் கதிர்கள் 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. கிராமங்களுக்கு வந்துசேர இன்னும் காலம் எடுத்தது. ஆகவே என்பும் தசையும் பற்றிய மதிப்பீடு அன்று முழுக்க முழுக்கப் பார்த்தல், தொட்டறிதல், அசைத்துப் பார்த்தல், அளந்து பார்த்தல் ஆகியவற்றிலேயே தங்கியிருந்தது. இன்றைய தாதியர் கல்லூரியிலும் பாடம் இந்த வரிசையிலேதான் தொடங்குகிறது.

பிள்ளை அறைக்குள் நடந்து வரும்போதே மதிப்பீடு ஆரம்பமாகிவிடுகிறது. எந்தக் காலில் பாரம் போடத் தயங்குகிறது? தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? முதுகு நேராக இருக்கிறதா? பிறகு இரு பக்கங்களையும் ஒப்பிட வேண்டும். நோயுற்ற முழங்காலை மட்டும் பார்ப்பவர் பாதியையே பார்க்கிறார். நல்ல முழங்காலையும் பார்த்தால்தான் வீக்கமும் மெலிவும் தெரியும். இடுப்பு என்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் வரை நாடாவால் அளந்தால் கால்களின் நீள வித்தியாசம் தெரியும். தொடையின் சுற்றளவை இரு பக்கமும் அளந்தால் தசை எவ்வளவு மெலிந்துள்ளது என்பது தெரியும். மூட்டைத் தொட்டால் சூடா? பிள்ளை தானாக எவ்வளவு மடக்குகிறது? நாம் உதவினால் இன்னும் எவ்வளவு மடங்குகிறது? இவையெல்லாம் நாளுக்கு நாள் எழுதி வைக்கப்பட வேண்டும். நேற்றைய அளவு இல்லாவிட்டால் இன்றைய அளவுக்கு அர்த்தம் இல்லை.

தாயின் பேச்சையும் கேட்க வேண்டும். இடுப்பு மூட்டில் காசநோய் தொடங்கும்போது பிள்ளை பகலில் சிறிது நொண்டும், அவ்வளவுதான். ஆனால் இரவில் நல்ல உறக்கத்தில் திடீரென வீரிட்டு அழும். விழித்திருக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி அதைக் காக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளர, மூட்டு அசைந்து வலிக்கிறது. வீட்டார் கெட்ட கனவு என்று நினைத்துத் தட்டி உறங்கவைப்பார்கள். அந்த இரவழுகையைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த தாதி, ஒரு பிள்ளையின் இடுப்பையே காப்பாற்றிவிடுவார்.

இரும்புச் சட்டமோ சாந்துக் கட்டோ போட்ட பிறகு தாதியின் வேலை இரட்டிப்பாகிறது. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் வெளிறியுள்ளனவா, நீலம் பாய்ந்துள்ளனவா? குளிர்ந்திருக்கின்றனவா? நாடித்துடிப்பு உண்டா? தொட்டால் உணர்கிறதா? விரலை அசைக்க முடிகிறதா? வலி கூடிக்கொண்டே போகிறதா? கட்டு இறுகி இரத்தம் தடைப்பட்டால் சில மணித்தியாலங்களிலேயே தசை மீளாதவாறு பழுதாகிவிடும். ஆகவே என்புமுறிவு நோயாளி வலிக்கிறது என்றால், அது செல்லம் என்று ஒதுக்கக்கூடாது. போய்ப் பார்க்க வேண்டும். குதிக்கால், கணுக்கால், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் என்பு நெருங்கியிருப்பதால் அழுத்தப்புண் அங்கேதான் முதலில் வரும். அவற்றை நாளும் பார்க்க வேண்டும். பாதத்தைத் தாங்கி வைக்காவிட்டால் அது முன்னோக்கிச் சரிந்து அப்படியே இறுகிவிடும். என்பு பொருந்தினாலும் பிள்ளையால் சரியாக நடக்க முடியாது.

ஒரு குதிக்கால் கொப்புளத்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டிய பெண்ணுக்கு, இந்தச் சிறிய விடயங்கள் சிறியவை அல்ல என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு

பாஸ்சேர்ச்சில் ஒரு துயரம் மீண்டும் மீண்டும் நடந்தது. மாதக் கணக்கில் பராமரித்து நிமிர்த்தி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை, சில காலத்தின் பின் பழைய கோணலோடு திரும்பி வரும். சட்டத்தின் வார் அறுந்திருக்கும். கட்ட ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளை வளர்ந்திருக்கும், சட்டம் வளர்ந்திருக்காது. வலிக்கிறது என்று அழுததால் தாய் இரக்கப்பட்டுக் கழற்றி வைத்திருப்பார். தாயின் மீது குற்றம் இல்லை. சட்டம் எதற்காக என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அடுத்த மாதம் வந்து பார்க்க ஆள் இல்லை.

மாவட்டத் தாதியாக வீடு வீடாக நடந்த அக்னஸுக்கு இதற்கான விடை தெரிந்திருந்தது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வர இயலாவிட்டால் வைத்தியசாலை நோயாளியைத் தேடிப் போக வேண்டும். சுற்றியுள்ள சிறு நகரங்களில், முதலில் ஷ்ரூஸ்பரியிலும் பின்னர் ஒவ்வொன்றாக மற்ற இடங்களிலும், தொடர் பராமரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற தாதி குறித்த நாளில் அங்கே இருப்பார். சட்டங்களைச் சரிபார்ப்பார், அளவுகளைப் பதிவார், தாய்க்குப் பயிற்சிகளைக் காட்டிக்கொடுப்பார். சந்தேகமான பிள்ளையை நிபுணர் வரும் நாளுக்கு வரச்சொல்வார். இன்னொரு நன்மையும் கிடைத்தது. முழுவதும் முடங்கிய பிறகு வரும் பிள்ளைகளுக்குப் பதிலாக, நோய் தொடங்கும் கட்டத்திலேயே பிள்ளைகள் கண்ணில் படத் தொடங்கினர்.

இன்று சாதாரணமாகத் தோன்றும் கிளினிக் முறை அன்று புதியது. கேடிள்ஸ்டன் என்னும் இளம் வைத்தியர் பாஸ்சேர்ச்சுக்கு வந்து இதைக் கற்று, பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் இதே வழியில் பணிபுரிந்தார். 1919இல் ஜோன்ஸும் அவரும் சேர்ந்து, முடங்கிய பிள்ளைகளுக்காக நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தை வெளியிட்டனர். நடுவில் ஒரு வைத்தியசாலை, சுற்றிலும் பராமரிப்பு நிலையங்கள் என்ற அந்த அமைப்பின் மூலமாதிரி பாஸ்சேர்ச்தான்.

யுத்தமும் விரிவும்

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. துப்பாக்கியாலும் வெடிகுண்டாலும் கைகால் சிதைந்த படைவீரர்கள் அதே கொட்டில்களுக்கு வந்தனர். ஜோன்ஸ் இராணுவத்தின் என்புச் சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். தோமஸின் இரும்புச் சட்டம் போர்க்களத்திலேயே கட்டப்பட்டதால், தொடை என்பு முறிந்தவர்கள் மரணிப்பது பெருமளவு குறைந்தது. சிறுவர்களைப் பராமரித்துப் பெற்ற அறிவு பெரியவர்களின் உயிரைக் காத்தது. அக்னஸின் சேவைக்காக 1918இல் அரச செஞ்சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது.

யுத்தம் முடிந்தபோது பாஸ்சேர்ச் கொள்ளவில்லை. 1921இல் ஒஸ்வெஸ்ட்ரி நகருக்கு அருகே பார்க் ஹோல் என்ற இடத்தில், கைவிடப்பட்டிருந்த இராணுவ முகாமுக்கு வைத்தியசாலை மாறியது. இங்கும் பிள்ளைகளுக்கு வெயிலும் காற்றும் மறுக்கப்படவில்லை. அவர்களுக்குப் பாடமும் விளையாட்டும் உண்டு. இரண்டு ஆண்டுகள் கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கல்வியும் சிரிப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அக்னஸ் உறுதியாக நம்பினார். இளம் பெண்கள் பலர் இங்கு என்பு நோய்த் தாதியப் பயிற்சி பெற்றனர். ஒரு காலத்தில் எந்த வைத்தியசாலையும் சேர்க்க மறுத்த பெண், இப்போது தாதியரை உருவாக்குபவரானார். 1926இல் அவருக்கு டேம் என்னும் உயர் பட்டம் வழங்கப்பட்டது.

ஆனால் அவரை ஒரு கேள்வி விடவில்லை. நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை, வளர்ந்த பிறகு என்ன செய்யும்? வேலை கொடுப்பார் யார்? வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து இருப்பதற்காகவா இத்தனை பாடு? 1927இல், உடற்குறை உடையவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் டேர்வன் பயிற்சிக் கல்லூரியை அவர் வைத்தியசாலைக்கு அருகிலேயே தொடங்கினார். தையல், சப்பாத்துத் தைத்தல் போன்ற தொழில்களைப் பயின்று, தம் உழைப்பில் வாழும் நிலைக்கு அவர்கள் உயர்ந்தார்கள். என்பு பொருந்துவதோடு சிகிச்சை முடிவதில்லை. அந்த மனிதர் சமூகத்தில் தன் இடத்தில் நிமிர்ந்து நிற்கும்போதே அது முடிகிறது என்பது அக்னஸின் வாழ்நாள் முடிவு.

1933 ஜனவரியில் றொபேட் ஜோன்ஸ் காலமானார். அவ்வாண்டு வைத்தியசாலைக்கு இருவரது பெயர்களும் இணைத்துச் சூட்டப்பட்டன. ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரும் ஒரு தாதியின் பெயரும் ஒரே பலகையில் சமமாக எழுதப்பட்டமை அக்காலத்தில் அரிதினும் அரிது. 1935இல் அக்னஸ் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார்.

1948 ஜூலை 5ஆம் திகதி இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாகி, வைத்தியசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தன. ஏழைப் பிள்ளைக்கும் இலவசமாகச் சிகிச்சை உறுதியாயிற்று. அதைக் கண்டுவிட்டு, அதே மாதம் 24ஆம் திகதி, தான் வளர்ந்த பாஸ்சேர்ச்சிலேயே அக்னஸ் ஹன்ட் கண்மூடினார். வைத்தியசாலையும் டேர்வன் கல்லூரியும் இன்றும் இயங்குகின்றன.

நமக்கு

காசநோய்க்கு இன்று மருந்து உண்டு. இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பு மருந்து உண்டு. முழு மூட்டையே மாற்றிப் பொருத்துகிறார்கள். ஆயினும் சத்திரசிகிச்சையின் மறுநாள் காலை, வலிக்கும் என்று பயந்து கட்டிலில் கிடக்கும் நோயாளியை எழுப்பி முதல் அடி வைக்கச் செய்வது இயந்திரம் அல்ல. ஒரு தாதியின் கை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாதிச் சேவைக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால், அது மற்ற வழிகள் அடைபட்டவர் தேடும் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். அது கண்ணுக்கும் அறிவுக்கும் பொறுமைக்கும் ஒருசேர வைக்கப்படும் பரீட்சை. வீட்டில் நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால், வெளியாருக்கு மறைத்து வைக்கவும் வேண்டாம்; அளவுக்கு மீறிப் பரிதாபப்பட்டு முடக்கிவிடவும் வேண்டாம். சிகிச்சையும் பாடசாலையும் ஒரு தொழிலும் அந்தப் பிள்ளைக்கும் உரியவை.

மாணவியரே, நம்மில் யாருக்கும் ஏதோ ஒரு குறை இருக்கும். கண்ணாகவோ காலாகவோ வறுமையாகவோ அது இருக்கலாம். அந்தக் குறையைக் காட்டி ஒரு கதவு மூடப்படவும் கூடும். அக்னஸ் ஹன்ட்டுக்குப் பல கதவுகள் மூடப்பட்டன. இறுதியில் அவர் ஒரு பக்கம் சுவரே இல்லாத கொட்டிலைக் கட்டினார். அதற்குள் வர யாருக்கும் கதவு தடையாக இருக்கவில்லை.